எல்லைப்புறத்து வியாபாரம்: மோரே ஊரைப் பற்றிய ஒரு பாடம்

2019-ம் வருஷம் சித்திரை மாதத்தில் நான் தணிக்கைக்குச் சென்றிருந்த ஓர் ஐக்கிய நாணயச் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவர் நகை ஈட்டின் பேரில் கடன் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். மனுவில் கடனின் நோக்கம் என்ற இடத்தில் "மோரே வியாபாரம்" என்று எழுதப்பட்டிருந்தது. மோரே என்பது ஊரின் பெயரா, சரக்கின் பெயரா என்பது பஞ்சாயத்தாரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மனுதாரரை அழைத்து விசாரித்தோம். அவருடைய பெரியப்பா குடும்பத்தார் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் என்றும், அவர்களில் ஒரு பிரிவினர் மணிப்பூர் ராஜ்யத்தின் கடைக்கோடியில் உள்ள மோரேயில் கடை வைத்திருப்பதாகவும், அந்தக் கடைக்குச் சரக்குப் பிடிக்கப் பணம் அனுப்பினால் பங்கு தருவதாக அண்ணன் எழுதியிருப்பதாகவும் அவர் சொன்னார்.

"எல்லையில் இருக்கிறவனுக்கு என்ன குறை, ஐயா? இரண்டு தேசத்துச் சந்தையும் அவன் வீட்டு வாசலில் இருக்கிறது" என்று அவர் கூறியது எனக்கு நியாயமாகவே பட்டது. நகையின் மதிப்பு கடனுக்குப் போதுமானதாக இருந்தது. சங்கத்துக்கு நஷ்டம் வர வழியில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்ட பஞ்சாயத்தாரிடம், கொடுக்கலாம் என்றே சொன்னேன். கடன் வாங்குபவருக்கு நஷ்டம் வருமா என்ற கேள்வியை நான் அன்று கேட்டுக் கொள்ளவில்லை. பிற்பாடு விசாரித்தும் வாசித்தும் தெரிந்து கொண்டவற்றை, எல்லைப்புறத்துப் பொருளாதாரம் எவ்விதம் நடைபெறுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறியும் பொருட்டு, இங்கே எழுதுகிறேன்.

ஊர் இருக்கும் இடம்

இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் (இன்று மியான்மர் என்று வழங்கப்படுவது) இடையில் உள்ள எல்லையின் நீளம் 1,643 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலையும் காடும். வண்டிப் பாதையாகவும் சந்தையாகவும் பயன்படக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது மோரே. மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து பாலேல், தெங்னௌபல் வழியாக மலையேறி இறங்கினால் சுமார் 110 கிலோமீட்டரில் அவ்வூரை அடையலாம். மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் ஊர் இருக்கிறது. எதிரே பரந்து கிடப்பது கபாவ் பள்ளத்தாக்கு. அது பர்மாவைச் சேர்ந்தது. எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் தமு என்ற பர்மிய நகரம் உள்ளது.

இந்தக் கபாவ் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் மணிப்பூர் அரசருக்கும் பர்மிய அரசருக்கும் இடையே தீராத வழக்காக இருந்தது. 1834-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் அதைப் பர்மாவுக்கு விட்டுக் கொடுத்து, மணிப்பூர் அரசருக்கு நஷ்ட ஈடாக மாதம் 500 சிக்கா ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தனர். இரண்டு தேசங்களும் சுதந்திரம் பெற்ற பின், 1967-ம் வருஷத்தில் எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கோடு இவ்விதம் வரைபடத்தில் தீர்ந்ததே தவிர, மக்கள் வாழ்க்கையில் அது ஒருபோதும் நேராக ஓடியதில்லை. குக்கி முதலிய மலைச் சாதியாருக்கு இரு புறமும் உறவினர் உண்டு. ஒரு பக்கத்தில் பெண் கொடுத்து மறு பக்கத்தில் பெண் எடுப்பவர்கள் அவர்கள். ஆகவே, எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர் வரை இரு பக்கத்து மலைவாசிகளும் தாராளமாகப் போய்வர 1950 முதல் அனுமதி இருந்து வந்தது. 2004-ல் அந்தத் தூரம் 16 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி மோரேயின் ஜனத்தொகை சுமார் 17,000. நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றின் அளவுதான். ஆனால் அவ்வளவு சிறிய ஊரில் குக்கிகள், மெய்தேய்கள், நாகர்கள், நேபாளிகள், பஞ்சாபியர், மார்வாரிகள், பீகாரிகள், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய இத்தனை வகுப்பாரும் வசித்து வந்தனர். விளைநிலம் குறைவான ஊரில் இத்தனை பேர் கூடியிருந்தால், அவர்களைக் கூட்டியது வியாபாரமே என்று ஊகிப்பது எளிது. தமிழர் விஷயத்தில் மட்டும் அதற்கு வேறு ஒரு கதையும் உண்டு.

தமிழர் அங்கே சென்ற விதம்

பர்மா 1937-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி வரை இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. 1931-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி அங்கே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியரே. நெல் அறுப்புக்கும் துறைமுகக் கூலிக்கும் போனவர்களில் நம்மவர் அநேகர். லேவாதேவிக்குச் சென்ற செட்டிநாட்டாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் விஷயத்தில் நாணயச் சங்க அங்கத்தினர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 100-க்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 100-க்கு 25 ஆயிற்று. நெல் விலை வீழ்ந்தது. குடியானவன் தவணை கட்டவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் தலையில் விழுந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய முதல் மண்ணாகத் திரும்பியது. கொடுத்தவருக்கு அது கைக்கு உதவாத சொத்து. இழந்தவருக்கு ஆறாத மனத்தாங்கல். 1948-க்குப் பின் நிலங்களைத் தேசிய உடைமையாக்கிய சட்டங்கள் வந்தபோது அந்த முதலின் பெரும்பகுதி மீளவேயில்லை.

இதற்கு நடுவில் 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகப் புறப்பட்டனர். அவர்கள் வந்த வழிகளில் முக்கியமானது தமுவிலிருந்து பாலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு வரும் வழியாகும். அதாவது, இன்றைய மோரே வழி. காய்ச்சலாலும் பட்டினியாலும் அந்த மலைப் பாதையில் இறந்தவர் பல்லாயிரம் பேர்.

யுத்தம் முடிந்து திரும்பச் சென்றவர்களும், போகாமல் தங்கியவர்களும் இன்னும் இருபது ஆண்டு அங்கே கடைகளும் தொழில்களும் நடத்தினர். 1962-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-ல் வங்கிகளும், 1964-ல் கடைகளும் அரசாங்க உடைமையாயின. 1964 மே மாதத்தில் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. கடையை இழந்தவரிடம் ஒளித்து வைத்த ரொக்கமும் போயிற்று. லட்சத்துக்கு மேற்பட்டவர் கப்பலேறித் திரும்பினர். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள பர்மா பஜார் இவர்களுக்காக 1969-ல் ஏற்பட்டதே. அதே வருஷத்தில் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென்று சென்னையில் ஏற்பட்ட ரெப்கோ பாங்கு ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் என்பதை நம் அங்கத்தினர் பெருமையுடன் அறிந்து கொள்ளலாம்.

ஆனால் திரும்பி வந்தவர் எல்லோருக்கும் இங்கே வாழ்க்கை ஒட்டவில்லை. பர்மாவில் பிறந்து பர்மிய மொழி பேசி வளர்ந்தவர்களுக்குப் பூர்விக கிராமமே அந்நிய தேசமாக இருந்தது. அவர்களில் சிலர், ரயிலில் திமாப்பூர் சென்று மணிப்பூர் வழியாக நடந்து மறுபடியும் பர்மாவுக்குள் போய்விடலாம் என்று கிளம்பினர். எல்லையில் பர்மியக் காவலர் அவர்களை விடவில்லை. முன்னே போக வழியில்லை. பின்னே போக மனமில்லை. அவர்கள் நின்ற இடம் மோரே. அங்கேயே குடிசை போட்டனர். சில காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகினர்; தமிழ்ச் சங்கம் ஒன்றும், அங்காளபரமேசுவரிக்குக் கோயில் ஒன்றும் எழுப்பினர். 1990-களில் அப்பகுதியில் நேர்ந்த இனப் பூசல்களுக்குப் பின் அநேகர் சென்னைக்கும் வேறிடங்களுக்கும் பெயர்ந்து விட்டனர். எஞ்சியவர் சில ஆயிரம் பேரே.

அவர்களிடம் முதல் இல்லை, நிலம் இல்லை. இரண்டு பக்கத்தாருடனும் பேச நாவும், பர்மாவில் அறிமுகமான மனிதரும் இருந்தனர். எல்லைப்புறத்து வியாபாரத்தில் அதைக் காட்டிலும் பெரிய முதல் ஏது?

வாசலில் நடந்த வியாபாரம்

பல வருஷ காலம் மோரேயில் நடந்தது சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத வியாபாரமாகும். தலைச்சுமையாகச் சரக்குப் போகும். தலைச்சுமையாகச் சரக்கு வரும். 1994-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி இரு அரசாங்கங்களும் எல்லை வியாபார உடன்படிக்கை செய்து கொண்டன. 1995-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி மோரே வாசல் முறைப்படி திறக்கப்பட்டது. ஜாபிதாவில் முதலில் இருந்தவை 22 சரக்குகள். பாக்கு, வெற்றிலை, மூங்கில், இஞ்சி, பூண்டு, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எள், கடுகு, பயறு வகை, புகையிலை, தக்காளி என்று நம் வாரச் சந்தையில் கூடையில் வரும் பொருள்களே பெரும்பாலும். பிற்பாடு படிப்படியாக 62 சரக்குகள் ஆயின. விற்றதற்குச் சரக்காகவே கணக்குத் தீர்க்கும் பண்டமாற்று முறை அனுமதிக்கப்பட்டது. பர்மாவிலிருந்து சரக்கு முதலில் வரவேண்டும். அதன் மதிப்புக்கு இங்கிருந்து சரக்கு பிறகு போக வேண்டும் என்பது விதி. 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதியோடு பண்டமாற்று முறை நிறுத்தப்பட்டு, வங்கி மூலம் பணம் செலுத்தும் சாதாரண வியாபார முறை வந்தது.

இது அதிகாரபூர்வமான வியாபாரம். ஊரை வாழ வைத்தது இது அல்ல. இரண்டாம் எண் வாசல் என்று சொல்லப்படும் வாசலைத் தாண்டினால் நம்பலாங் என்ற சந்தை. காலையில் வாசல் திறந்ததும் மோரேவாசிகளும் இம்பாலிலிருந்து வந்தவர்களும் நடந்தே அங்கே போவர். மாலையில் வாசல் மூடுமுன் திரும்புவர். (பர்மியக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தியது. ஆகையால் அக்கரையில் கடை கட்டும் நேரம் நம்மவருக்குச் சற்றுச் சீக்கிரமாகவே வந்துவிடும்.) அந்தச் சந்தையில் கிடைத்தவை பர்மாவில் விளைந்தவை மட்டும் அல்ல. சீனக் கம்பளி, குடை, செருப்பு, விளக்கு, தாய்லாந்துச் சாமான்கள் ஆகியவையே அதிகம். சீன எல்லையில் உள்ள மூசே என்ற ஊரில் இறங்கிய சரக்கு மாந்தளை வழியாகப் பர்மாவின் குறுக்கே வந்து தமுவை அடையும். இங்கிருந்து மருந்து, கோதுமை மாவு, நூல், சைக்கிள், சீரகம் போன்றவை அக்கரைக்குப் போகும்.

இதில் மோரேயின் உற்பத்தி எது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. போகும் சரக்கு சமவெளி இந்தியாவில் செய்தது. வரும் சரக்கு சீனாவில் செய்தது. மோரேயின் பங்கு சுமைகூலி, வண்டி வாடகை, கிடங்கு வாடகை, தரகு, நாணயம் மாற்றும் வட்டம், பயணிகளுக்குச் சோறும் படுக்கையும் ஆகியவை. சுமார் 17,000 பேர் உள்ள ஊர் முழுவதும் ஒரு தரகு மண்டி என்று எண்ணிக் கொள்ளலாம். மண்டிக்காரனுக்கு வருமானம் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மண்டியின் வருமானம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு சரக்கு எல்லையைத் தாண்டுவதற்குக் காரணம் இரு பக்கத்திலும் உள்ள விலை வித்தியாசம். அவ்வித்தியாசம் இயற்கையாக ஏற்படுவதும் உண்டு. பர்மாவில் பயறு நன்றாக விளைகிறது, இங்கே தேவை அதிகம். ஆகவே பயறு வருகிறது. இத்தகைய வியாபாரம் நிலைத்து நிற்கும். சர்க்கார் போடும் தீர்வையினால் ஏற்படும் வித்தியாசம் வேறு விதமானது. பாக்கை எடுத்துக் கொள்ளுங்கள். நம் தேசத்துப் பாக்குச் சாகுபடியாளரைக் காப்பாற்றுவதற்காக, பொதுவாக இறக்குமதியாகும் பாக்குக்கு மதிப்பில் 100-க்கு 100 தீர்வை உண்டு. எல்லை வியாபார ஜாபிதாவில் உள்ள சரக்குக்கோ அந்நாட்களில் 100-க்கு 5 மட்டுமே. ஒரு மூட்டைப் பாக்கு அக்கரையில் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். துறைமுகம் வழியாக வந்தால் அதன் அடக்கம் 200 ரூபாய். மோரே வழியாக வந்தால் 105 ரூபாய். தலைச்சுமையாக இரவில் வந்தால் 100 ரூபாயும் சில்லறைச் செலவும். நடுவில் நிற்கும் 95 ரூபாயை விளைவித்தவன் விவசாயி அல்ல. அதை விளைவித்தது ஓர் அறிவிப்புத் தாள்.

95 ரூபாய் இருக்கும் இடத்துக்கு எங்கிருந்தெல்லாமோ பாக்கு வந்து சேரும். பர்மாவில் விளையாத இந்தோனேசியப் பாக்கும் பர்மியப் பாக்கு என்ற பெயரில் அவ்வழியே வந்ததாக வழக்குகள் உண்டு. சர்க்கார் சும்மா இராது. இறக்குமதிப் பாக்குக்குக் குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 251 ரூபாய் என்றும், பிற்பாடு 2023-ல் 351 ரூபாய் என்றும் விதித்தது. அந்த விலைக்குக் குறைந்த சரக்கு உள்ளே வரக்கூடாது என்பது பொருள். நமது சேலம் ஜில்லாவிலும் நீலகிரிச் சாரலிலும் கமுகு வைத்திருக்கும் குடியானவர் இதனால் ஆறுதல் அடைந்திருப்பர். மோரேயில் பாக்கு மூட்டை தூக்கிய கூலிக்காரருக்கு அதே அறிவிப்பு வேலை நீக்க உத்தரவாகும். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இருவர் பக்கமும் உண்டு என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை.

மின்சாரச் சாமான்களின் கதையும் இதுவே. 1990-களில் அயல்நாட்டு வானொலிப் பெட்டியும், கடிகாரமும், ஒலிநாடாக் கருவியும் வாங்க இம்பாலிலிருந்து மட்டுமல்லாமல் வெகு தூரத்திலிருந்தும் வியாபாரிகள் மோரே வந்தனர். இறக்குமதித் தீர்வைகள் குறையத் தொடங்கி, 2001-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. அதே சாமான்கள் கப்பலில் வந்து எல்லா நகரங்களிலும் கிடைத்தன. மலையேறி மோரே போக வேண்டிய அவசியம் என்ன? ஒருவரும் வாசலை மூடவில்லை. ஆயினும் அந்த வியாபாரம் மெலிந்தது.

தீர்வை வித்தியாசம் நல்ல பண்டத்தோடு தீய பண்டத்தையும் இழுக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. அபினியும், அதனினும் கொடிய மாத்திரைகளும் அவ்வழியே வந்து மணிப்பூர் வாலிபரைக் கெடுத்தன. தலைச்சுமைக்காரன் சுமப்பது இன்னதென்று பல சமயம் அவனுக்கே தெரியாது.

இரண்டு நாணயங்கள்

நம் சங்கங்களில் பற்றுவரவு எழுதுபவருக்கு இப்பகுதி சுவையாக இருக்கக்கூடும். எல்லை வியாபாரத்தை வங்கி வழியாக நடத்துங்கள் என்று இரு சர்க்கார்களும் சொல்லி வந்தன. வியாபாரிகளோ பண்டமாற்றையும் கைமாற்றையும் விடவில்லை. இது பிடிவாதத்தினால் அல்ல. 2012-ம் வருஷம் மார்ச்சு வரையில் பர்மிய அரசாங்கம் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 6 கியாட் என்று விகிதம் வைத்திருந்தது. வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு 800 கியாட்டும் அதற்கு மேலும் கிடைத்தது. 100 டாலர் பெறுமான பயறு விற்றவர் அப்பணத்தை அரசாங்க விகிதப்படி மாற்றினால் 600 கியாட். சந்தையில் மாற்றினால் 80,000 கியாட். எந்தக் குடியானவன் வங்கிப் படி ஏறுவான்? 2012 ஏப்ரல் மாதத்தில் பர்மிய மத்திய வங்கி அந்தப் பழைய விகிதத்தைக் கைவிட்டு, டாலருக்கு 818 கியாட் என்று சந்தையை ஒட்டித் தொடங்கிய பிறகே வங்கி வழி என்ற பேச்சுக்கு அர்த்தம் ஏற்பட்டது.

அதுவுமன்றி, பர்மிய நோட்டின் மீது மக்களுக்கு நம்பிக்கை இல்லை. 1964-ல் நோட்டுச் செல்லாமற் போனதை முன்னமே சொன்னேன். 1985-ல் 20, 50, 100 கியாட் நோட்டுகள் போயின. 1987 செப்டம்பர் 5-ந் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் மாற்று ஏதும் கொடுக்கப்படாமலே செல்லாதவை ஆயின. பின்னர் 45 கியாட், 90 கியாட் என்று புதிய நோட்டுகள் வந்தன. மூன்று முறை இவ்விதம் அடிபட்டவன் மிச்சம் பிடித்ததை நோட்டாக வைத்துக் கொள்வானா? தங்கமாக, சரக்காக, அல்லது மோரேயில் நம்பிக்கையான ஒருவரிடம் இந்திய ரூபாயாக வைத்துக் கொண்டான். அந்த நம்பிக்கையான ஒருவர் பெரும்பாலும் பர்மிய மொழி தெரிந்தவராகவும், அக்கரையில் உறவுடையவராகவும் இருந்தார். சீட்டும் கையெழுத்தும் இல்லாமல் இந்தக் கணக்குகள் ஓடின. நமது இந்திய ரூபாயும் 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகளை இழந்தபோது, பாதுகாப்புக்கென்று ரூபாயாக வைத்திருந்த அக்கரைக்காரர் பட்ட பாட்டை நாம் ஊகித்துக் கொள்ளலாம். மாற்றிக் கொள்ள அவர்களுக்கு இந்திய வங்கியில் கணக்குக் கிடையாதே.

ஆகவே, மோரே வியாபாரியின் உண்மையான முதல், பேரேட்டில் ஏறாத நம்பிக்கையே. தனி மனிதன் மேல் உள்ள நம்பிக்கை அவனோடு போய்விடும் என்பதால்தான் நாம் சங்கம் என்றும் துணைவிதி என்றும் வைத்துக் கொள்கிறோம். அத்தகைய சங்கம் அங்கே இல்லை. இரு தேசத்தாரும் சேர்ந்து அங்கத்தினராகும் சங்கத்தை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது? நானும் யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை.

வாசல் மூடிய பின்

நம் அங்கத்தினர் மனுக் கொடுத்த காலத்தில் மோரேக்கு நல்ல காலம் பிறந்ததாகவே தோன்றியது. 2018 ஆகஸ்டு 8-ந் தேதி முதல், பாஸ்போர்ட்டும் விசாவும் உடைய எவரும் அவ்வழியே தரை மார்க்கமாகப் போய்வரலாம் என்றாயிற்று. 2019 ஜனவரி 4-ந் தேதி, சுங்கம், கிடங்கு, குடியேற்றச் சோதனை யாவும் ஒரே இடத்தில் அமைந்த புதிய சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. மோரேயிலிருந்து பர்மாவின் குறுக்கே தாய்லாந்து வரை செல்லும் நெடுஞ்சாலை ஒன்றைப் பற்றிய பேச்சும் பல வருஷமாக உண்டு. அது இன்னும் முற்றுப் பெறவில்லை. அண்ணன் தம்பிக்கு எழுதியது இந்த நம்பிக்கையில்தான். நான் தலையசைத்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

2020 மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றுநோய் காரணமாக எல்லை வாசல்கள் மூடப்பட்டன. நோய் தணிந்து திறக்கும் காலம் வருமுன், 2021 பிப்ரவரி 1-ந் தேதி பர்மாவில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கபாவ் பள்ளத்தாக்கு உட்பட ஸகைங் பிரதேசம் முழுவதும் உள்நாட்டு யுத்தம் பரவிற்று. சரக்கு வந்த சாலையில் அகதிகள் வந்தனர். 2023 மே 3-ந் தேதி மணிப்பூரிலேயே மெய்தேய்களுக்கும் குக்கிகளுக்கும் இடையே கலகம் மூண்டது. மோரேயில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மெய்தேய் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். இம்பாலுக்கும் மோரேக்கும் இடையே உள்ள 110 கிலோமீட்டர் சாலை, ஒரு வகுப்பார் மற்ற வகுப்பாரின் பகுதி வழியாகப் போக அஞ்சும் சாலையாயிற்று. முன்பு ஒரு வாசலே மூடியிருந்தது. இப்போது ஊரின் முன் வாசலும் பின் வாசலும் ஒருங்கே மூடின.

2024 பிப்ரவரியில் தாராளப் போக்குவரத்து முறையை நீக்கி, எல்லை முழுவதும் வேலி அமைக்கப் போவதாக இந்திய அரசாங்கம் அறிவித்தது. மோரேப் பகுதியில் சுமார் 10 கிலோமீட்டருக்கு வேலி அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. அவ்வருஷக் கடைசியில், எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர் மட்டும் அனுமதிச் சீட்டுப் பெற்று ஏழு நாள் வரை போய்வரலாம் என்ற புது ஏற்பாடு வந்தது. சர்க்கார் சொல்லும் காரணங்கள் ஆயுதமும் போதைப் பொருளும் களவாக நுழைவோரும். மலைச் சாதியார் சொல்வது, வேலி தங்கள் வயலையும் உறவையும் இரண்டாகப் பிளக்கிறது என்பது.

இவ்வளவுக்கும் நடுவில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே வியாபாரம் நின்று போயிற்றா என்றால், இல்லை. நம் வீடுகளில் இட்டிலிக்கும் தோசைக்கும் ஊற வைக்கும் உளுந்தில் கணிசமான பகுதி பர்மாவில் விளைந்தது. வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் பர்மாவிலிருந்து தருவிப்பதென்று 2021-ல் ஐந்து வருஷத்துக்கு ஏற்பாடாயிற்று. ரங்கூன் துறைமுகத்தில் ஏறிச் சென்னை முதலிய துறைமுகங்களில் இறங்கும் அந்த உளுந்து, மோரே வாசலை எட்டிப் பார்ப்பதேயில்லை. இரண்டு தேசத்து வியாபாரம் பெருகுவது வேறு, எல்லையில் உள்ள ஊர் பிழைப்பது வேறு என்பதை இந்த ஒரு சரக்கே நமக்குக் காட்டி விடுகிறது. 1942-ல் நடந்து வந்தவரும் 1964-ல் கப்பலில் வந்தவரும் விட்டுவிட்டு வந்த வயல்களில் விளைந்த பயறு, அவர்கள் பேரப்பிள்ளைகளின் கடைத்தெருவைத் தாண்டி, கடல் வழியாக வந்து நம் பண்டகசாலையில் மூட்டையாக நிற்கிறது.

மனுக் கொடுத்த அங்கத்தினரைச் சென்ற தணிக்கையின் போது மறுபடியும் கண்டேன். வாசல் மூடிய நாளில் அண்ணன் கடையில் இருந்த சரக்கில் பாதி, அக்கரை வியாபாரிகளுக்குக் கடனாகப் போயிருந்ததாம். வாங்கியவர்கள் நாணயஸ்தர்களே, ஆனால் அவர்களில் எவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று இன்று தெரியவில்லை. அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, வியாசர்பாடிப் பக்கத்தில் மாலை வேளையில் வண்டி போட்டு அத்தோ என்ற பர்மியச் சேமியா உணவு விற்கிறார். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வப்போது கொஞ்சம் அனுப்பவும் செய்கிறார். சங்கத்துக் கடன் வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. வட்டி பாக்கி இல்லை. அசல் அப்படியே நிற்கிறது. நகை சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அந்த அங்கத்தினரின் மகளுக்கு வருகிற தையில் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால், அதற்குள் மீட்டுவிட வேண்டும் என்று அவர் மனைவி பஞ்சாயத்தாரிடம் கால அளவு கேட்டிருக்கிறார். நான் இம்முறை அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாயத்தார் தீர்மானம் செய்து எழுதிக் கொண்டனர்.